சிவப்புத் துணி கட்டிய கேன்

கையைப் பிடிச்சிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. ஜன்னலுக்குக் கீழே நின்னு டிரைவர் பீடிக்குத் தீக்குச்சி உரசினார் பாருங்க, அந்தச் சத்தம்தான். அது காதிலே விழுந்தா பக்கத்திலே யார் இருந்தாலும் கையைப் பிடிச்சுக்குவேன். ஒருதடவை கண்டக்டர் கையைப் பிடிச்சிட்டேன். அவர் பாக்கிச் சில்லறைக்குத்தான் பிடிக்கிறேன்னு நினைச்சு, "தர்றேன் பாட்டி, எங்கே ஓடிப்போறேன்"னு கோவிச்சுக்கிட்டார்.

உக்காருங்க. மரம் பெரிய மரம், ரோட்டை அடைச்சு விழுந்திருக்கு. அறுத்து ஒதுக்குகிற வரைக்கும் பஸ் நகராது.

என்ன, பெட்ரோல் வாடை அடிக்குதா? அடிக்கும். அங்கே மெஷினை வெச்சுத்தானே அறுக்கிறாங்க. காத்து நம்ம பக்கம் திரும்பியிருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியலே. என் மகள் தவமலர் சொல்லுவாள், "அம்மா, உனக்கு மூக்கு செத்துப் போச்சு"ன்னு. செத்தெல்லாம் போகலே. சளி. இந்த மலையிலே யாருக்குச் சளி இல்லே, சொல்லுங்க.

என் பை உங்க காலிலே இடிக்குதா? இடிச்சா காலைத் தள்ளி வெச்சுக்குங்க தம்பி, பையைத் தள்ளாதீங்க. அது சாயக்கூடாது.

எங்க மாப்பிள்ளை யோகராஜும் ஒரு மெஷின் வெச்சிருக்கார். இது மாதிரி மரம் அறுக்கிறது இல்லே, புல் வெட்டுறது. தோளிலே மாட்டிக்கிட்டு எஸ்டேட் எஸ்டேட்டாப் போய்க் களை வெட்டிக் கொடுப்பார். எனக்கு ஒரே மகள். அதனாலே மாப்பிள்ளை எங்க வீட்டோட. நல்ல மனுஷன், குடி கிடையாது, எதிர்த்து ஒரு பேச்சு கிடையாது. ஆனா ஒரு பொருளை எங்கே வைக்கணும்னு தெரியாது. அதிலே வந்த வினைதான் நான் சொல்லப் போறது.

அந்த மெஷினுக்குப் பெட்ரோலைச் சும்மா ஊத்தக்கூடாதாம். ஆயில் கலக்கணுமாம். கலக்காம ஊத்தினா உள்ளே உரசிச் சூடாகி இறுகிக்குமாம். அதனாலே ஒரு வெள்ளைக் கேனிலே கலந்து வெச்சிருப்பார். ஆயில் நல்ல நீலம். கலந்ததும் அதுவும் ஒரு நீலமா, கொஞ்சம் பச்சை ஓடின நீலமா இருக்கும். ரேஷன் மண்ணெண்ணெய் என்ன நிறம்? அதுவும் நீலம்தானே. பெத்த பிள்ளைகளே ஒரே ஜாடையிலே இருந்தா நமக்குப் பேர் மாறிப் போகுது. எண்ணெய்க்கு என்ன செய்யறது.

போன ஆடி மாசம் பெய்த மழை இருக்கே, தீப்பெட்டி டப்பாவுக்குள்ளேயே நமுத்துப் போகிற மழை. பந்தலூர்ப் பக்கம் மழையைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லே. வீட்டுக்கு வீடு விறகு ஈரம், எங்க வீட்டைத் தவிர. இதை நான் பெருமைக்குச் சொல்லலே. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

விறகை மாசியிலேயே பார்த்துடணும் தம்பி. முழுசா வெச்சா உள்ளே தண்ணி நிக்கும், பிளந்து போடணும். நெருக்கி அடுக்கக்கூடாது, இடையிலே காத்து போகணும். மேலே தகரம் போடணும், பக்கத்தை மூடக்கூடாது. தேயிலையைக் கவாத்து வெட்டுவாங்க இல்லே, அந்தத் தூர்க்கட்டை கிடைச்சா விடவே கூடாது. கை தண்டி இருந்தாலும் இரும்பு மாதிரி நின்னு எரியும். ரெண்டு கட்டையை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பார்க்கணும். டங்குன்னு கேட்டா காய்ஞ்சது. தொப்புன்னு கேட்டா மறுபடி அடுக்கிடணும். புகை வருதுன்னா விறகு எரியலே, வேகுதுன்னு அர்த்தம். எங்க வீட்டுக் கூரையைப் பார்த்தா அடுப்பு எரியுதா இல்லையான்னே தெரியாது. மேலே காத்து மட்டும் லேசா நடுங்கும், அவ்வளவுதான். பத்தவைக்க மண்ணெண்ணெயும் வேண்டாம் எனக்கு, காய்ஞ்ச யூகலிப்டஸ் பட்டை போதும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் மேட்டு லயத்திலே, அந்த எஸ்டேட் வரிசை வீட்டிலே, லெட்சுமாயி இருக்காள். என்னை மதினின்னுதான் கூப்பிடுவாள். அவள் வீட்டுக் கூரை எப்பவும் புகையிலே மூழ்கிக் கிடக்கும். மழையிலே விறகை நனையவிட்டு, அதன் தலையிலே மண்ணெண்ணெயை ஊத்தி எரிக்கிற ஆளு. ஊத்தினதும் பத்தவைக்க மாட்டாள், "ஊறட்டும்"னு கொஞ்ச நேரம் உக்காந்திருப்பாள். ரேஷனிலே மண்ணெண்ணெயைக் குறைச்சாங்க பாருங்க, கை ஒடிஞ்ச மாதிரி ஆயிட்டாள்.

நான் சும்மா இருக்க மாட்டேன். "என்ன லெட்சுமாயி, வீட்டிலே சமைக்கிறியா, கொசுவுக்கு மருந்தடிக்கிறியா"ன்னு கேட்பேன்.

"எங்க வீட்டிலே புகை வருது மதினி, சமைக்கிறோம். உங்க வீட்டிலேதான் வர்றதே இல்லே"ன்னு அவள் சொல்லுவாள்.

இப்படியே போய்க்கிட்டிருந்தது. அந்த ஆடியிலே அவள் மகள் ஜெயசுதா பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. எடை குறைச்சல். உள்ளங்கையிலே வெச்சா மிச்சம் இடம் இருக்கும், அவ்வளவுதான் பிள்ளை. ஆஸ்பத்திரியிலே நர்ஸம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பியிருக்காங்க: பிள்ளைக்குக் குளிர் ஆகாது, புகையும் ஆகாது. லெட்சுமாயி என்ன பண்ணுவாள்? புகையில்லாம குளிரை விரட்ட அவளுக்கு எங்கே தெரியும்?

ஒருநாள் மத்தியானம் மழையிலே நனைஞ்சுக்கிட்டு எங்க வாசலிலே வந்து நின்னாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கிண்டல் வரலே.

"மதினி, பிள்ளை கால் ஐஸ் மாதிரி இருக்கு. பால் குடிக்க வாயே திறக்க மாட்டேங்குது. காலையிலேருந்து அடுப்பு பத்தலே. ஊதி ஊதி எனக்குத் தலை சுத்துது."

நான் ஒரு அணைப்பு விறகு எடுத்துக் கொடுத்தேன். எப்படி அடுக்கணும், எங்கே சந்து விடணும், கதவை எவ்வளவு திறந்து வைக்கணும் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கிட்டாள். கேட்டுட்டு, "உங்க கை ராசி எனக்கு வராது மதினி. ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இருந்தாக் கொடுங்க"ன்னாள்.

இருந்தது. அது எப்படி இருந்ததுன்னு கேளுங்க.

அதுக்கு முந்தின வாரம் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னாடி அலமாரியை ஒழிச்சேன். அங்கே இந்த வெள்ளைக் கேன் இருந்தது. நல்ல கேன் தம்பி. வாய் அகலம், பிடி கெட்டி, மூடி திருகினா சொட்டு ஒழுகாது. அதிலே அரைக் கேன் மண்ணெண்ணெயை ஊத்தி வீணா அடைச்சு வெச்சிருக்காங்களேன்னு எனக்கு மனசு கேட்கலே. பழைய மண்ணெண்ணெய் சீசா ரெண்டு சும்மா கிடந்தது. அதிலே ஊத்தி வெச்சுட்டு, கேனைச் சோப்புத் தண்ணியிலே ஊறப் போட்டேன். கைப்பிடியிலே ஒரு சிவப்புத் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார் மாப்பிள்ளை. எதுக்கோ தெரியாது. துணியும் நல்ல துணி. அவிழ்த்துச் சட்டி இறக்கப் பிடிதுணி ஆக்கிக்கிட்டேன். மகள் அப்புறம் சொல்றாள், "கேனைத் தொடாதேன்னு உன்கிட்டே சொன்னேனே"ன்னு. சொன்னா காதிலே விழுகிற மாதிரி சொல்லணும் தம்பி. மழை தகரத்திலே அந்தப் போடு போடும்போது சொன்னா?

ஒரு சீசாவை லெட்சுமாயிகிட்டே கொடுத்தேன். "கொஞ்சமா ஊத்து, வீணாக்காதே"ன்னும் சொன்னேன். முந்தானைக்குள்ளே வெச்சு, பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போகிற மாதிரி கொண்டு போனாள்.

அவள் போய்க் கொஞ்ச நேரம்கூட இருக்காது. மாப்பிள்ளை வந்தார். மெஷினிலே எண்ணெய் தீர்ந்து போச்சாம். நேரே கதவுக்குப் பின்னாடி போனார். நின்னார்.

"அத்தே, இங்கே இருந்த கேன் எங்கே?"

"கழுவிக் காயவெச்சிருக்கேன் மாப்ளே."

"உள்ளே இருந்தது?"

"சீசாவிலே ஊத்தியாச்சு. ஒரு சொட்டு சிந்தலே. இப்பத்தான் லெட்சுமாயி வந்து ஒரு சீசா வாங்கிட்டுப் போனாள், பிள்ளைக்குக் கணப்புப் போட."

அவர் முகத்தைப் பார்க்கணுமே தம்பி. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லே. சத்தம் போடலே. மெதுவாத்தான் சொன்னார்.

"அது பெட்ரோல் அத்தே."

"நீலமா இருந்துச்சே."

"ஆயில் கலந்த பெட்ரோல். மூடின வீட்டிலே அதை ஊத்திக் குச்சி கிழிச்சா கூரையே இருக்காது."

செருப்புகூடப் போடலே, ரோட்டு வழியா ஓடினார். போகும்போதே ஜெயசுதாவுக்குப் போன் அடிச்சார். மழை நாளிலே எங்க பக்கம் டவர் எங்கே கிடைக்குது? ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும். தேயிலைக்குள்ளே இறங்கி ஓடையைத் தாண்டினா பாதி தூரம்தான். ஆனா அந்தப் பக்கம் யானை நிக்குதுன்னு அந்த வாரம் யாரும் போகலே. நான் போனேன். மழைக்குத் தலையிலே ஒரு சாக்கைப் போட்டுக்கிட்டு அப்படியே இறங்கிட்டேன்.

பயம்னா என்னன்னு அன்னைக்குத்தான் தம்பி தெரிஞ்சுக்கிட்டேன். யானை பயம் ஒரு பயமே இல்லே. யானை வந்தா என்னைத்தானே மிதிக்கும்.

ஓடைக்கு இந்தப் பக்கத்திலேருந்து பார்த்தா லெட்சுமாயி வீட்டுக் கூரை தெரியும். நின்னு பார்த்தேன். புகை இல்லே.

அந்தக் கூரையிலே புகை இல்லாம நான் பார்த்ததே கிடையாது. எத்தனை தடவை அந்தப் புகையைச் சொல்லிக் கிண்டல் பண்ணியிருப்பேன். இப்போ புகை இல்லேன்னா என்ன அர்த்தம்? இன்னும் பத்தவைக்கலையா? இல்லே, என் விறகை நான் சொன்ன மாதிரியே அடுக்கி, சுத்தமா எரிய விட்டுட்டாளா? அப்போ எல்லாம் முடிஞ்சு போச்சா? ஒண்ணும் புரியலே. "மாரியாத்தா, புகை வரட்டும்"னு வேண்டினேன். புகை வந்தா அது அடுப்புப் புகையா இருக்கும்னு யார் சொன்னா? "வேண்டாம் ஆத்தா, வரவேண்டாம்"னு வேண்டினேன். இப்படியே வரட்டும், வரவேண்டாம்னு மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டே ஓடையிலே இறங்கினேன். தண்ணி இடுப்புக்கு இழுக்குது. கூப்பிட்டுப் பார்க்கிறேன், ஓடை இரைச்சல்லே யாருக்குக் கேட்கும். மேட்டிலே கையும் காலுமா ஏறினேன். அட்டை கடிச்ச ரத்தம் கெண்டைக்காலிலே வழிஞ்சதை மறுநாள்தான் பார்த்தேன்.

கதவு சாத்தியிருந்தது. பிள்ளைக்குக் குளிரும்னு கீழ் இடுக்கிலே துணி அடைச்சிருக்காங்க, ஜன்னலிலே சாக்கு. கதவுக்கு வெளியே நின்னு கேட்கிறேன். உள்ளேருந்து ஒரு சத்தம்.

சர்க். சர்க்.

தீக்குச்சி உரசுற சத்தம் தம்பி.

தோளாலே இடிச்சுத் திறந்தேன். இரும்புச் சட்டியிலே விறகு அடுக்கியிருக்கு, அழகா, நான் சொன்ன மாதிரியே சந்து விட்டு. மேலே எண்ணெய் பளபளன்னு ஊறிக்கிட்டிருக்கு. பக்கத்திலே சீசா காலி. அந்தாண்டை கட்டிலிலே ஜெயசுதா, மடியிலே பிள்ளை. சட்டிக்கு முன்னாடி லெட்சுமாயி குந்திக்கிட்டு நமுத்த தீப்பெட்டியிலே குச்சி குச்சியா உரசிக்கிட்டிருக்காள். அவள் காலைச் சுத்தி மருந்து உதிர்ந்த குச்சிகள்.

"எங்க வீட்டுத் தீப்பெட்டியைப் பாருங்க மதினி, என் நேரம்"னு சொல்லிக்கிட்டே அடுத்த குச்சியை எடுக்கிறாள்.

வேண்டாம்னு சொல்லக்கூட நான் நிக்கலே. தலையிலேருந்து ஈரச் சாக்கை உருவி அவள் கையோட சேர்த்துச் சட்டி மேலே போட்டேன். பிள்ளையைப் பிடுங்கி, மாருக்குள்ளே வெச்சுக்கிட்டு மழைக்குள்ளே ஓடிட்டேன்.

பின்னாடியே லெட்சுமாயி கத்திக்கிட்டு வர்றாள். "பச்சைப் பிள்ளையை மழையிலே தூக்கிட்டு ஓடுறாளே, பைத்தியம் பிடிச்சிருச்சா இவளுக்கு." ஜெயசுதா பச்சை உடம்போட சுவரைப் பிடிச்சு வந்து நிக்கிறாள். "அம்மா, நான் அப்பவே சொன்னேன், பெட்ரோல் பங்க் மாதிரி நாறுதுன்னு. நீதான் அத்தை வீட்டு எண்ணெய் அப்படித்தான் இருக்கும்னே"ன்னு அழறாள்.

அதுக்குள்ளே மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். லெட்சுமாயி நம்பலே. "எண்ணெய் கொடுத்துட்டு மதினிக்கு மனசு பொறுக்கலே, திருப்பி வாங்க இந்த நாடகம்"னாள். என்ன பேச்சு பாருங்க. மாப்பிள்ளை சட்டியைத் தூக்கி, வீட்டுக்கு ரொம்பத் தள்ளி, தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் வெச்சார். எங்களை எல்லாம் சுவருக்குப் பின்னாடி போகச் சொன்னார். நீளமா ஒரு மூங்கில், அதன் முனையிலே துணி. தன்னோட லைட்டராலே துணியைப் பத்தவெச்சு, தூர நின்னு நீட்டினார்.

துணி சட்டியைத் தொடவே இல்லே தம்பி. கிட்டப் போகும்போதே டொம்முனு ஒரு சத்தம். வீட்டுக் கூரை உயரத்துக்குத் தீ எழும்பி நின்னுச்சு. கொட்டுற மழையிலே. அப்புறம் பட்டுனு அடங்கிப் போச்சு. எட்டிப் பார்த்தா விறகு கறுக்கக்கூட இல்லே. விறகை எரிக்கிற எண்ணெய் இல்லே அது, ஆளை எரிக்கிற எண்ணெய்.

லெட்சுமாயி சேத்திலே அப்படியே உக்காந்துட்டாள். பிள்ளை என் மாரிலே சூடா மூச்சு விட்டுக்கிட்டிருந்தது. அந்த மூச்சு வருதா நிக்குதான்னு நான் குனிஞ்சு குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தேன். கொடுன்னு கேட்டாங்க. என் கை விடமாட்டேங்குது. மாப்பிள்ளைதான் விரல் விரலா எடுத்துவிட்டார்.

அப்புறம் எங்க வீட்டு அடுப்பிலேருந்து கவாத்துக் கட்டைத் தணலை மண்சட்டியிலே கொண்டு போனோம். புகையே இல்லாத தணல். அதையும் ஜன்னலைத் திறந்து வெச்சுத்தான் வைக்கணும்னார் மாப்பிள்ளை, மூடின அறையிலே தணல் வெச்சா தூக்கத்திலேயே ஆள் போயிடுமாம். சாக்கை எடுத்து ஜன்னலைத் திறந்து வெச்சோம். சாயங்காலம் பிள்ளை பால் குடிச்சது.

இப்போ சொல்லுங்க தம்பி, இதிலே என் தப்பு என்ன இருக்கு? பெட்ரோலைக் கொண்டாந்து சமையல்கட்டிலே வைக்கலாமா ஒரு மனுஷன்? நான் போய்க் காப்பாத்தினேன். ஆனா மறுவாரம் மாப்பிள்ளை வாசலுக்கு வெளியே ஒரு தகரப் பெட்டி அடிச்சு, பெட்ரோலை அதிலே வெச்சுப் பூட்டுப் போட்டார். சாவி என் மகள் இடுப்பிலே. யாருக்காகப் பூட்டு? வீட்டிலே இருக்கிறது மூணு பேர். ஒருத்தர் பூட்டுறார், ஒருத்தி சாவி வெச்சிருக்காள். நான் யாருன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. எண்ணெய் பாட்டில் எதைத் தொட்டாலும் "அம்மா, வை கீழே"ங்கிறாள் மகள். இதைத்தான் என்னாலே தாங்க முடியலே.

அதோ, மெஷின் சத்தம் நின்னு போச்சு. மரத்தை உருட்டுறாங்க. நல்லதாப் போச்சு. டிரைவர் ஏறிட்டார்.

அந்தப் பிள்ளையைப் பார்க்கத்தான் இப்போ போறேன். ஜெயசுதா வீட்டுக்காரர் ஊர் கூடலூர். நாளைக்குப் பிள்ளைக்குக் காது குத்து. குண்டுப் பூசணி மாதிரி இருக்காளாம், போனிலே பார்த்தேன். எங்க லயத்திலே நல்லெண்ணெய் ஆட்டிக் கொண்டாந்து விக்கிற ஆளு ஒருத்தர் வர்றார். அவர்கிட்டே வாங்கிப் பிள்ளைக்காக எடுத்துட்டுப் போறேன். கொஞ்சம் உச்சந்தலையிலே வெச்சு, உடம்பெல்லாம் தேய்ச்சு, வெந்நீர் ஊத்தினாப் பிள்ளை நல்லாத் தூங்கும். மிச்சத்தை அவங்க சாமி விளக்குக்கு ஊத்திக்கட்டும்.

வண்டி கிளம்பிடுச்சு. மெஷின்காரங்களைத் தாண்டிட்டோம். இனிமே வாடை அடிக்காது உங்களுக்கு.

இன்னும் அடிக்குதா?

அடிக்காதே. எனக்கு ஒண்ணும் தெரியலையே. இருங்க, பை சாய்ஞ்சுதான்னு பார்க்கிறேன். இல்லே, நேராத்தான் இருக்கு. எண்ணெய் ஒழுகவும் இல்லே, மூடி அவ்வளவு கெட்டி. மாப்பிள்ளை தூக்கி லயத்துக்குப் பின்னாடி எறிஞ்சுட்டார் இதை. நான்தான் எடுத்து வந்து சோப்புப் போட்டு, சாம்பல் போட்டு, வெயிலிலே காயவெச்சேன். நல்ல கேன் தம்பி. வீணாக்க மனசு வரலே.

நல்லெண்ணெய்தான் இருக்கு உள்ளே, வேணும்னா நீங்களே பாருங்க. மூடியைத் திறக்கிறேன், மோந்து பாருங்க.

ஏன் தம்பி, முன்சீட்டிலே பீடி குடிக்கிற ஆள் பக்கம் எதுக்குக் கையை ஆட்டுறீங்க? என்ன, பீடியைக் கீழே போடச் சொல்றீங்களா?